ஊர் விக்கிக்கு நிலைக்கும் முகவரியும் பயன்படும் தரவும்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். குடியாத்தம், ஆற்காடு பக்கத்து நண்பர்கள் சேர்ந்து, பழைய வடஆற்காட்டின் ஏரிகள், கோயில்கள், கல்வெட்டுகள், ஊர்ப்பெயர்கள் பற்றி மீடியாவிக்கி என்ற மென்பொருளில் ஒரு விக்கி நடத்துகிறீர்கள். பக்க முகவரியில் மாவட்டம், வட்டம், பிறகு பொருளின் பெயர் என்று அடுக்கடுக்காக வருகிறது. வாட்ஸாப்பில் ஒட்டினால் அது மூன்று நான்கு வரிக்கு விழுக்காட்டுக் குறிகளாக நீள்கிறது. பக்கத்தில் எழுதுவதைத் தரவாகவும் சேமிக்கும் செமான்டிக் மீடியாவிக்கி நீட்சியைப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் அதிலிருந்து தரவை எடுத்துப் பார்த்த கல்லூரி மாணவருக்குப் பக்கத் தலைப்பைத் தவிர உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. முகவரியை முதலில் சரிசெய்வதா, தரவை முதலில் சரிசெய்வதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முகவரியைத்தான். இணைப்புத் தரவில், அதாவது பல தளங்களின் தரவுகள் ஒன்றோடொன்று இணையும்படி நிரல்களுக்காக வெளியிடும் தரவில், முகவரி என்பது பக்கத்துக்குப் போகும் வழி மட்டுமல்ல, பொருளின் பெயரே அதுதான். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2006இல் இணைப்புத் தரவுக்கு எழுதிய நான்கு விதிகளில் முதல் இரண்டும் இதைப் பற்றியவை: பொருள்களுக்கு இணைய முகவரியையே பெயராக வையுங்கள், அந்தப் பெயரை யாரும் போய்ப் பார்க்கும்படி எச்டிடிபி முகவரியாக வையுங்கள். போய்ப் பார்ப்பவருக்குப் பயனுள்ள தகவல் தருவது மூன்றாவது, பிற பொருள்களுக்கு இணைப்புக் கொடுப்பது நான்காவது. முதல் இரண்டில் ஆட்டம் இருந்தால் மற்ற இரண்டில் போடும் உழைப்பு வீணாகும். இன்று ஒருவர் உங்கள் ஏரிப் பக்கத்தைத் தன் ஆய்வுத் தரவில் இணைத்து, அடுத்த ஆண்டு நீங்கள் அந்தப் பக்கத்தை நகர்த்தினால், அவர் தரவில் அந்த ஏரியே இல்லாமல் போய்விடுகிறது.

இப்போதைய முகவரிகளில் பெரிய கோளாறு விழுக்காட்டுக் குறி அல்ல, மாவட்டப் பெயர். நம் பகுதிக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை வடஆற்காட்டுக்குத் தலைமையிடமே சித்தூர்தான், பிறகுதான் வேலூர். 1989இல் திருவண்ணாமலைப் பக்கம் சம்புவராயர் பெயரில் தனி மாவட்டமாகப் பிரிந்தது, மீதி வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டமானது. 1996இல் அது வேலூர் மாவட்டம். 2019இல் அதிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. காவலூர் வான் ஆய்வகம் 1960களின் கடைசியில் வடஆற்காடு மாவட்டத்தில் தொடங்கியது. ஜவ்வாது மலையில் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு அது இன்று நான்காவது மாவட்டப் பெயரில் இருக்கிறது. காவேரிப்பாக்கம் ஏரியும் அப்படித்தான். உங்கள் விக்கியிலேயே 2019க்கு முன் எழுதிய பக்கங்கள் ‘வேலூர்_மாவட்டம்’ என்றும் பின்னால் எழுதியவை ‘ராணிப்பேட்டை_மாவட்டம்’ என்றும் தொடங்குவதாகவும், சில ஏரிகளுக்கு இரண்டு பக்கங்கள் உருவாகிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். முகவரி கெட்டால் தரவும் கெடும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆகவே மாறக்கூடியது எதையும் முகவரியில் வைக்காதீர்கள். மாவட்டம், வட்டம், ஊராட்சி ஒன்றியம், பகுப்பு, மென்பொருளின் கோப்புப் பெயர் எல்லாம் இதில் அடங்கும். மாவட்டம் தேவையான செய்திதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குரிய இடம் தரவு. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எந்த மாவட்டம் என்று அங்கே காலத்தோடு எழுதலாம். முகவரியில் அப்படி எழுத வழியில்லை.

பெயரும் மாறும். சோளிங்கர், சோளிங்கபுரம், திருக்கடிகை எல்லாம் ஒரே ஊர். திருவல்லம் கல்வெட்டுகளில் தீக்காலிவல்லம். காவேரிப்பாக்கத்துக்கு அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்ற பெயரும் உண்டு. எதைத் தலைப்பாக வைப்பது என்று உங்கள் குழுவில் வாதம் நடக்கும், நடக்கவும் வேண்டும். அந்த வாதத்தின் முடிவு முகவரியைத் தொடாத ஏற்பாடு இருந்தால் எல்லாரும் நிம்மதியாக வாதம் செய்யலாம். அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுங்கள். பட்டா யார் பெயருக்கு மாறினாலும் சர்வே எண்ணை வைத்து நிலத்தைக் கண்டுபிடிப்பதைப் போலத்தான் இது. விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவு 2012இல் தொடங்கியபோதும் இந்த வழியைத்தான் எடுத்தது. தமிழ்நாட்டுக்கு அங்கே க்யூ1445 என்று பெயர். தமிழில் எப்படி எழுதினாலும், ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் அந்த எண் அசையாது.

எண் என்றதும் மீடியாவிக்கி தானாகக் கொடுக்கும் பக்க எண்ணை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பக்கத்தை நகர்த்தினாலும் அது மாறுவதில்லை என்பது உண்மை. ஆனால் நாளைக்கு வேறு சர்வருக்குப் போகும்போது எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து புது விக்கியில் இறக்கினால், எல்லாப் பக்கங்களுக்கும் புது எண் விழும். தரவுத்தளத்தை அப்படியே நகலெடுத்தால் தப்பிக்கலாம். தன்னார்வலர்கள் நடத்தும் விக்கிக்கு அந்த வசதி எப்போதும் கிடைக்கும் என்று நம்பி அடித்தளம் போடக் கூடாது. எண்ணை நீங்களே கொடுங்கள், பக்கத்துக்குள்ளேயே அது எழுதப்பட்டிருக்கட்டும்.

செமான்டிக் மீடியாவிக்கியில் இன்னொரு சிக்கல். அது பொருளின் முகவரியைப் பக்கத் தலைப்பிலிருந்துதான் உருவாக்குகிறது. தலைப்பை நகர்த்தினால் பொருளின் பெயர் மாறிவிடும். தலைப்பு தமிழில் இருந்தால் விழுக்காட்டுக் குறிக்குப் பதிலாகச் சிறுகோடுகள் போட்ட ஒரு நீள வரிசை உருவாகும். இதற்கு நான் பரிந்துரைக்கும் வழி, பொருள்களுக்கென்று ஒரு தனிப் பெயர்வெளி, அதாவது முன்னொட்டுப் போட்டுப் பக்கங்களைத் தனியே வைக்கும் பிரிவு. அதில் பக்கத்தின் பெயர் வெறும் எண். பெயர்வெளியின் பெயராக ஒரே ஓர் ஆங்கில எழுத்து போதும். ஏரியின் தரவு முழுவதும் அந்த எண் பக்கத்தில் இருக்கட்டும், காட்சித் தலைப்பாக ‘காவேரிப்பாக்கம் ஏரி’ என்று வையுங்கள். கட்டுரை வழக்கம்போலத் தமிழ்த் தலைப்பில் இருந்து எண் பக்கத்தை அழைத்துக்கொள்ளும். கட்டுரையை எத்தனை முறை நகர்த்தினாலும் பொருளின் முகவரி நிற்கும். புதுப் பெயர்வெளியைச் சேர்த்ததும் செமான்டிக் மீடியாவிக்கியின் அமைப்புக் கோப்பில் அதற்கும் அனுமதி தர மறக்காதீர்கள். தராவிட்டால் அங்கே எழுதும் பண்புகள் (மாவட்டம், மதகு போன்ற தரவுப் புலங்கள்) ஒன்றும் பதிவாகாது. பிழைச் செய்தியும் வராது, காரணம் தெரியாமல் நாள்கணக்கில் தேட வேண்டியிருக்கும். அதே கோப்பில் தரவு முகவரிகளின் தொடக்கப் பகுதியையும் நீங்களே எழுதி நிலைப்படுத்தலாம். எழுதாவிட்டால் சர்வர் பெயரிலிருந்து அது தானாக எடுத்துக்கொள்ளும். டொமைன் மாறினால் எல்லாம் மாறும்.

விக்கித்தரவு ஓடும் மென்பொருளான விக்கிபேஸுக்கே போய்விடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எண், மொழிவாரிப் பெயர், காலக் குறிப்பு மூன்றும் அதில் பிறவியிலேயே இருக்கின்றன. ஆனால் வினவல் சேவையோடு சொந்தமாக நடத்த நல்ல நினைவகமும், தொடர்ந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். விக்கிமீடியா ஜெர்மனி நடத்தும் விக்கிபேஸ் கிளவுடில் வைத்தால் அந்தச் சுமை குறையும். உங்களிடம் ஏற்கெனவே வார்ப்புருக்களும் (பக்கத்தில் விவரம் நிரப்பும் மாதிரிப் படிவங்கள்) அவற்றைப் பழகிய தொகுப்பாளர்களும் இருப்பதால், இருப்பதை வைத்தே சீர்செய்வதுதான் நல்லது என்பது என் கருத்து.

அடுத்து, பலரும் தேவையற்ற நுணுக்கம் என்று ஒதுக்கும் ஒரு விஷயம். ஏரி வேறு, ஏரியைப் பற்றிய பக்கம் வேறு. காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது. மூன்றாம் நந்திவர்மனோடு தொடர்புபடுத்தப்படுவது. அதைப் பற்றிய பக்கம் போன மாதம் எழுதப்பட்டது. இரண்டுக்கும் ஒரே முகவரி என்றால், ‘உருவாக்கியவர்’ என்ற பண்புக்கு என்ன மதிப்பு எழுதுவீர்கள்? நந்திவர்மன் பெயரையா, பக்கத்தை எழுதிய நண்பரின் பயனர் பெயரையா? படிக்கும் மனிதருக்குக் குழப்பம் வராது. இரண்டையும் ஒரே முகவரியில் பார்க்கும் நிரலுக்கு, ஒன்பதாம் நூற்றாண்டு ஏரிக்கு இந்த நூற்றாண்டுப் பயனர் ஒருவர் உருவாக்குநர் ஆகிவிடுவார்.

வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சியின் தொழில்நுட்பக் குழு 2005இல் இதற்கு ஒரு தீர்வு சொன்னது. பொருளின் முகவரியைக் கேட்டால் சர்வர் ‘கேட்டது இதோ’ என்று பொருள்படும் 200ஐத் தராமல், ‘வேறிடத்தில் பார்’ என்று பொருள்படும் 303ஐத் தந்து பக்கத்துக்கோ தரவுக்கோ அனுப்ப வேண்டும். விக்கிப்பீடியாவிலிருந்து தரவெடுத்து 2007இல் வந்த டிபிபீடியா இதைப் பின்பற்றிப் பொருளுக்கு ஒன்று, மனிதர் படிக்கும் பக்கத்துக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று என மூன்று முகவரிகள் வைத்தது. செமான்டிக் மீடியாவிக்கியில் முகவரித் தீர்வுக்கென்று ஒரு சிறப்புப் பக்கம் இருக்கிறது, அது இந்த 303 வேலையைச் செய்கிறது. எந்த வடிவம் வேண்டும் என்று கேட்பவரின் நிரல் அனுப்பும் அக்செப்ட் தலைப்பைப் பார்த்து, இணைப்புத் தரவின் வடிவமான ஆர்டிஎஃப் கேட்டால் ஏற்றுமதிக்கும் மற்றபடி விக்கிப் பக்கத்துக்கும் திருப்பும். நீங்கள் செய்ய வேண்டியது, குட்டையான வெளி முகவரி ஒன்றை அதற்கு முன்னால் வைப்பது. டொமைனுக்குப் பிறகு ஓர் எழுத்து, ஒரு சாய்கோடு, 217 என்பதுபோலப் பொருளின் எண் இருந்தால் போதும். வாட்ஸாப்பிலும், ஏரிக்கரைப் பலகையில் ஒட்டும் க்யூஆர் குறியீட்டிலும் அதையே கொடுங்கள். முகவரி குட்டையாக இருந்தால் க்யூஆரின் கட்டங்கள் பெரிதாக இருக்கும், வெயிலில் மங்கிய பலகையிலும் போன் படித்துவிடும்.

ஒரே முகவரியில் இரண்டு விதமான பதில் தருவதால் சர்வர் தன் பதிலோடு ‘வேரி’ என்ற தலைப்பில் அக்செப்டைக் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் பதில்களைச் சேமித்து வைக்கும் தேக்ககம், நிரலுக்குத் தந்த தரவை அடுத்து வரும் வாசகருக்கும் கொடுத்துவிடும்.

இனி விழுக்காட்டுக் குறிக்கு வருவோம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து மூன்று எழுத்தாக விரியும். ‘வேலூர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு வ, ஏகாரக் குறி, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று ஆறு குறிகள். அவை 18 பைட், முகவரியில் 54 எழுத்து. உலாவியின் முகவரிப் பட்டையில் தமிழாகவே தெரிந்தாலும் நகலெடுத்து ஒட்டும்போது பெரும்பாலும் விரிந்த வடிவம்தான் வருகிறது. இதைத் தவறு என்று சொல்ல முடியாது, நெறிமுறையே அப்படி. தமிழை முகவரியிலிருந்து விரட்ட வேண்டியதும் இல்லை. கட்டுரைப் பக்கங்களுக்குத் தமிழ்த் தலைப்பே முகவரியாக இருக்கட்டும். தேடி வருபவருக்கும் கூகுளுக்கும் அது உதவும். நிலையான பெயர் வேண்டிய இடத்தில் மட்டும் எண்.

தமிழ்த் தலைப்பு வைக்கும்போது நீளத்தைவிட மோசமான ஒரு தொல்லை, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு இரண்டாக இருக்கும் எழுத்துகள். ‘சோளிங்கர்’ என்பதில் உள்ள ‘சோ’வை ஓகாரக் குறி ஒன்றாலும் எழுதலாம், ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டியும் எழுதலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரைகளில் இரண்டாவது வகை நிறைய வரும். யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கம் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடும், மீடியாவிக்கி தலைப்புகளுக்கு அதைத் தானே செய்கிறது. ஆனால் எக்செல் பட்டியலிலிருந்து நீங்கள் தனி நிரல் எழுதித் தரவு ஏற்றினால் அங்கேயும் செய்ய வேண்டும்.

என்எஃப்சியால் தீராதது ‘ஸ்ரீ’. ஸகரத்தில் தொடங்கும் வரிசை ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும் வரிசை ஒன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும், யூனிகோடுக்கோ இரண்டும் வேறு வேறு. கோயில் பெயர்கள் நிறைந்த உங்கள் விக்கியில் ஒரே கோயிலுக்கு இரண்டு பக்கங்கள் இருப்பதாகச் சொன்னீர்களே, அவற்றில் சிலவற்றுக்காவது இது காரணமாக இருக்கக்கூடும். முதலில் அவற்றைப் பாருங்கள். ஒரு வடிவத்தை முடிவு செய்து மற்றதை வழிமாற்றாக வையுங்கள். ‘ஔ’ என்ற எழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் தட்டியிருப்பது, கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கிகள் சொல்லுக்கு நடுவில் ஒட்டியிருப்பது இரண்டையும் ஒரு சிறு நிரல் வைத்து மொத்தமாகத் தேடிவிடலாம்.

இப்போது தரவு. மாணவருக்குத் தலைப்பு மட்டும் கிடைத்ததற்குக் காரணம் மென்பொருள் அல்ல, வார்ப்புரு. உங்கள் ஏரி வார்ப்புருவில் ‘விவரம்’ என்ற ஒரே புலத்தில் ‘4 மதகு, 2 கலங்கல் (ஒன்று பழுது), ஆயக்கட்டு 300 ஏக்கருக்கு மேல், பாலாற்றுக் கால்வாய்’ என்பதுபோல எழுதியிருக்கிறது. படிப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஐந்து தனிச் செய்திகள் ஒரே கட்டியாகக் கிடக்கின்றன. மதகு எண்ணிக்கை ஒரு புலம், அது எண் வகை. மிகை நீர் வழியும் கலங்கல் ஒரு புலம். பழுது என்பது ஒரு நிலை, அதற்குப் பார்த்த தேதி வேண்டும். தேதியில்லாத ‘பழுது’ ஐந்தாண்டு கழித்துப் பொய்யாகிவிடும். ஆயக்கட்டு, அதாவது ஏரி பாசனம் தரும் நிலப்பரப்பு, அளவு வகை. ஏக்கரில் எழுதினாலும் ஹெக்டேரில் எழுதினாலும் ஒன்றாகக் கணக்கிடும்படி, ஒரு ஹெக்டேர் 2.471 ஏக்கர் என்ற மாற்றத்தைப் பண்புப் பக்கத்தில் ஒருமுறை எழுதி வைத்தால் போதும்.

நீர்வரத்து இருக்கிறதே, அதுதான் இந்தத் தரவில் மிகவும் மதிப்புள்ளது. ‘பாலாற்றுக் கால்வாய்’ என்ற சொற்களை விட்டுவிட்டு, அந்தக் கால்வாய்க்கே ஓர் எண் கொடுத்து அதற்கு இணைப்புத் தாருங்கள். வாலாஜா பக்கம் பாலாற்று அணைக்கட்டிலிருந்து பிரியும் காவேரிப்பாக்கம் கால்வாய் ஒரு பொருள், மகேந்திரவாடிக் கால்வாய் ஒரு பொருள். எந்த ஏரி எந்தக் கால்வாயில் நிரம்புகிறது, எந்த ஏரியின் கலங்கல் வழிந்து எந்த ஏரிக்குப் போகிறது என்று இணைத்துக்கொண்டே போனால், ஏரிச் சங்கிலி முழுவதும் ஒரே வினவலில் வந்து நிற்கும். இந்தச் செய்தி ஊர்ப் பெரியவர்களிடமும், ஏரித் தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டிகளிடமும் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதி வைக்கும் வேலை உங்களைப் போன்ற ஊர்க்காரர்களால்தான் ஆகும். உங்கள் விக்கியில் எனக்கு அக்கறை வந்ததற்கே இதுதான் காரணம்.

மாவட்டத்தைக் காலத்தோடு எழுதுவது எப்படி என்று ஒரு பொருளை வைத்தே காட்டுகிறேன். 217 என்பது காவேரிப்பாக்கம் ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள்:

217 · மாவட்டம் · வடஆற்காடு · முடிவு 1989
217 · மாவட்டம் · வடஆற்காடு அம்பேத்கர் · தொடக்கம் 1989 · முடிவு 1996
217 · மாவட்டம் · வேலூர் · தொடக்கம் 1996 · முடிவு 2019
217 · மாவட்டம் · ராணிப்பேட்டை · தொடக்கம் 2019

ஆர்டிஎஃப் கூற்றில் பொருள், பண்பு, மதிப்பு என்று மூன்று இடங்கள்தான் உண்டு, நான்காவதாகத் தேதிக்கு இடமில்லை. அதனால் ஒவ்வொரு வரியும் தனிக் கணுவாக, அதாவது தேதியையும் தாங்கும் தனிப் பதிவாக, இருக்க வேண்டும். விக்கித்தரவு பி131 (எந்த நிர்வாகப் பகுதியில் உள்ளது) என்ற பண்பின் மேல் பி580, பி582 என்ற தொடக்க, முடிவுக் குறிப்புகளை வைத்து இதைச் செய்கிறது. செமான்டிக் மீடியாவிக்கியில் இதற்குத் துணைப்பொருள் வசதி இருக்கிறது. துணைப்பொருளுக்குப் பெயர் வைக்காமல் விட்டால், அதன் உள்ளடக்கத்திலிருந்து மென்பொருள் ஒரு பெயரைத் தானாகத் தயாரிக்கும். முடிவாண்டு சேர்த்தாலோ எழுத்துப்பிழை திருத்தினாலோ அந்தப் பெயர் மாறும். ஆகவே ‘மாவட்டம்-3’ என்பதுபோல ஒரு பெயரை நீங்களே வையுங்கள். இதோடு, இன்றைய மாவட்டத்தை மட்டும் எளிய பண்பாகவும் ஒருமுறை எழுதுங்கள். பெரும்பாலோர் கேட்பது இன்றைய மாவட்டத்தைத்தான். அவர்களை நான்கு கணுக்களுக்குள் தேட வைக்கக் கூடாது.

பெயர்களுக்கு மொழிக் குறி போடுங்கள். ‘ஆற்காடு’ தமிழ் என்றும் அதன் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆங்கிலம் என்றும் குறித்தால்தான் பிறர் தரவோடு சரியாகப் பொருந்தும். கல்வெட்டுப் பெயர்களை மாற்றுப் பெயராக, எந்தக் கல்வெட்டில் வந்தது என்ற சான்றோடு எழுதுங்கள். அமைவிடத்தில் தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் ஏறக்குறைய 11 மீட்டர் துல்லியம். ஏரிக்கு அது தாராளம். போன் தந்த எட்டு இலக்கத்தை அப்படியே போட்டால் இல்லாத துல்லியத்தை இருப்பதாகச் சொல்வதாகும். அமைவிட வகைக்கு மேப்ஸ் நீட்சியும் வேண்டும்.

உங்கள் பண்புகளின் பெயர்கள் தமிழிலேயே இருக்கட்டும். ஆனால் உலகம் அறிந்த சொற்களோடு அவற்றைப் பொருத்திவிடுங்கள். செமான்டிக் மீடியாவிக்கியில் வெளிச் சொற்களஞ்சியத்தை இறக்கும் வசதி இருக்கிறது. மாற்றுப் பெயருக்கு எஸ்கேஓஎஸ், இடத்துக்கும் நீர்நிலைக்கும் ஸ்கீமா.ஆர்க் என்று பொதுச் சொற்களஞ்சியங்களில் இருக்கும் சொற்களைப் பயன்படுத்துங்கள். ஆயக்கட்டு, கலங்கல் போன்றவற்றுக்குச் சரியான சொல் அங்கே இல்லையென்றால், வலிந்து பொருத்தாமல் உங்கள் பண்பையே தெளிவான விளக்கத்தோடு வெளியிடுங்கள். தேடுபொறிகளுக்காக அதே தரவின் ஒரு சிறு பகுதியை ஜேசன்-எல்டி என்ற தரவு வடிவில் கட்டுரைப் பக்கத்திலும் வைக்கலாம்.

வெளி இணைப்புகளில் அடிக்கடி நடக்கும் தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். விக்கித்தரவுக்கு இணைப்புத் தரும்போது உலாவியில் தெரியும் பக்க முகவரியை நகலெடுத்து ஒட்டுகிறார்கள். அது பக்கத்தின் பெயர். பொருளின் பெயரில் ‘விக்கி’ என்ற பகுதிக்குப் பதில் ‘என்டிட்டி’ என்று வரும், தொடக்கமும் எச்டிடிபிதான், எச்டிடிபிஎஸ் அல்ல. இணைப்புத் தரவில் முகவரிகளை எழுத்துக்கு எழுத்துத்தான் ஒப்பிடுவார்கள். ஓர் ‘எஸ்’ கூடினாலும் வேறு பொருள் ஆகிவிடும். உங்கள் சொந்த முகவரிக்கும் இதே கவனம் வேண்டும். எந்த வடிவில் முதலில் வெளியிட்டீர்களோ அதையே தரவில் கடைசிவரை எழுதுங்கள். போக்குவரத்தை மட்டும் பாதுகாப்பான இணைப்புக்குத் திருப்புங்கள்.

‘இதுவும் அதுவும் ஒன்றே’ என்று சொல்லும் சேம்அஸ் பண்பை அள்ளி வீசாதீர்கள். வேலூர் என்ற பெயரில் நகரம், வட்டம், மாவட்டம், சட்டமன்றத் தொகுதி, மக்களவைத் தொகுதி என்று பல பொருள்கள் இருக்கின்றன. பரமத்தி வேலூர் வேறு இருக்கிறது. நகரத்தை மாவட்டத்தோடு சேம்அஸ் என்று இணைத்தால், ஒன்றின் மக்கள்தொகை மற்றதற்கும் ஏறிவிடும். உறுதி இல்லாதபோது எஸ்கேஓஎஸின் ‘நெருக்கமானது’ என்ற இணைப்பு போதும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைகோட்டு எண்களை நிலையான பெயராக நம்ப வேண்டாம். ஏரிக்கரையை ஒருவர் இரண்டாக வெட்டி வரைந்தால் எண் மாறும். அங்குள்ள பொருளில் விக்கித்தரவு எண்ணைக் குறிக்கும் புலம் உண்டு, அதை நிரப்பி அந்த வழியாக இணைவதே நிலைக்கும்.

பழைய முகவரிகளை என்ன செய்வது? ஒன்றையும் சாக விடக் கூடாது. பக்கத்தை நகர்த்தினால் மீடியாவிக்கி வழிமாற்று வைக்கிறதே, போதாதா என்பீர்கள். வாசகருக்குப் போதும். ஆனால் விக்கியின் வழிமாற்று, ‘நிரந்தரமாக இடம் மாறியது’ என்று சர்வர் சொல்லும் 301 அல்ல. பழைய முகவரியிலேயே 200 என்று சொல்லிப் புதுப் பக்கத்தின் உள்ளடக்கத்தைத் தருகிறது. நிரலுக்கு இரண்டு முகவரிகளிலும் இரண்டு பக்கங்கள் இருப்பதாகவே தோன்றும். ஆகவே மாவட்டப் பெயரில் தொடங்கும் பழைய முகவரிகளை ஒரு பட்டியலாக எடுத்து, சர்வர் அமைப்பிலேயே 301 கொடுங்கள். என்ஜின்எக்ஸ் சர்வர் மென்பொருளில் யூரிஐ மாறியை வைத்து மேப் (பழைய முகவரிக்குப் புதியது எது என்ற பட்டியல்) எழுதினால், விழுக்காட்டுக் குறி இல்லாமல் தமிழ்ப் பெயரையே எழுதலாம். இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கும்போது விடுபடும் எண்ணும் 301ஆக நிற்கட்டும். உண்மையிலேயே இல்லாத பொருளுக்கு ‘இனி இல்லை’ என்று பொருள்படும் 410. ஒருமுறை கொடுத்த எண்ணை வேறு பொருளுக்கு மறுபடி கொடுக்கவே கூடாது.

டொமைன் கட்டணம் யாரோ ஒருவர் சொந்தக் கார்டில் கட்டிக்கொண்டிருக்கும் நிலை உங்களுக்கும் இருக்கும். அவர் ஊர் மாறினால், ஓர் ஆண்டு மறந்தால், எல்லாப் பெயர்களும் அன்றோடு போய்விடும். டபிள்யூ3ஐடி என்ற பொதுச் சேவை இதற்கென்றே இருக்கிறது. உங்கள் விக்கிக்கு அங்கே ஒரு பெயர் வாங்கி, அது உங்கள் சர்வருக்குத் திருப்பும்படி கிட்ஹப்பில் ஒரு சிறு கோப்புப் போட்டால் போதும், காசு கிடையாது. தரவில் அந்த முகவரியையே பொருளின் பெயராக வெளியிடுங்கள். டொமைன் மாறினால் ஒரே ஒரு வரியைத் திருத்தினால் முடிந்தது. இந்த முடிவை எண்கள் கொடுப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும், பிறகு எடுத்தால் எல்லாவற்றையும் மறுபடி மாற்ற வேண்டியிருக்கும். மாதம் ஒருமுறை முழுத் தரவையும் ஒரே கோப்பாகக் கொட்டி வெளியே இறக்கிக்கொள்ளும்படி வையுங்கள். மாணவர்கள் பக்கம் பக்கமாக எடுத்து உங்கள் சிறிய சர்வரைத் திணற வைக்க மாட்டார்கள், இரண்டாவது இடத்தில் ஒரு நகலும் இருக்கும். உரிமத்தையும் பிரித்துச் சொல்லுங்கள். கட்டுரை உரைக்கு, பெயர் குறிப்பிட்டு அதே உரிமத்தில் பகிரச் சொல்லும் சிசி பை-எஸ்ஏ சரி. தரவுக்கு, எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்கும் சிசி0 வைத்தால்தான் விக்கித்தரவு அதை எடுத்துக்கொள்ள முடியும்.

எல்லாப் பக்கங்களிலும் ஒரே நேரத்தில் கை வைக்காதீர்கள். பாலாற்று அணைக்கட்டிலிருந்து தொடங்கும் ஒரு கால்வாயையும் அதில் நிரம்பும் ஏரிகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு முழுவதுமாகச் செய்து பாருங்கள். பிறகு, ஒரு முகவரியைக் கேட்டுச் சர்வரின் பதிலைக் காட்டும் கர்ல் கட்டளையில் அக்செப்ட் தலைப்பு வைத்து ஓர் ஏரியின் முகவரியைக் கேளுங்கள். 303 வருகிறதா, திருப்பிய இடத்தில் ஆர்டிஎஃப் வருகிறதா, அதற்குள் இருக்கும் பொருளின் பெயர் நீங்கள் கேட்ட முகவரியேதானா என்று எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். ஆர்டிஎஃபை எழுதும் இன்னொரு முறையான டர்ட்டில் வடிவத்தையும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். செமான்டிக் மீடியாவிக்கி இயல்பாகத் தருவது ஆர்டிஎஃப்-எக்ஸ்எம்எல், உங்கள் பதிப்பு டர்ட்டிலுக்கு என்ன பதில் சொல்கிறது என்பதைப் பொறுத்து சர்வரில் இன்னொரு விதி எழுத வேண்டியிருக்கலாம். கால்வாயின் எண்ணிலிருந்து ஏரிகளுக்கும், ஏரியிலிருந்து ராணிப்பேட்டை மாவட்டத்தின் விக்கித்தரவுப் பொருளுக்கும் ஒரு நிரலால் தானாகப் போய்ச் சேர முடிந்தால், அதே வார்ப்புருவை மற்ற ஏரிகளுக்கும் போடத் தொடங்கலாம். முடிவுகளை இங்கே போடுங்கள், சிக்கும் இடத்தைச் சேர்ந்து பார்ப்போம்.